கொண்டை ஊசி வளைவிலிருந்து தொடங்கலாம்: பள்ளி அறிவியலைத் திருப்பிப் படிக்கும் முறை

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர், வரையறைகளையும் ஒரு மதிப்பெண் வினாக்களையும் மறுபடி மறுபடி ஒப்பிப்பதையே இயற்பியல், வேதியியல் பாடங்களின் திருப்புதல் என்று கொள்கிறார்கள். அதனால் சில மதிப்பெண்கள் கிடைக்கலாம்; அதே கருத்தைக் கணக்காகக் கேட்டால் பேனா நின்றுவிடும். தெரிந்த இடம் ஒன்றில் அந்தக் கருத்தைப் பொருத்தி, ஓர் எண்ணையும் அதற்குரிய அலகையும் வரவழைத்து, வந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பதே என் கணிப்பில் சரியான திருப்புதல். சேலத்தில் இருப்பவர்களுக்கு அத்தகைய இடங்களுக்குப் பஞ்சமில்லை.

முதலில் ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஓர் அளவு என்று ஒதுக்கிக்கொண்டு, அதன் பெயர், குறியீடு, எஸ்.ஐ. அலகு, வாய்பாடு ஆகிய நான்கையும் புத்தகத்தைத் திறக்காமல் எழுதுங்கள். நினைவுக்கு வராதவற்றை மட்டும் பிறகு புத்தகத்தைப் பார்த்துச் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை அவைதாம். பக்கத்தின் கீழ்ப்பாதி கணக்குக்கு உரியது.

இயக்கத்திலிருந்து தொடங்கலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் பேருந்து மணிக்கு 18 கி.மீ. என்ற மாறாத வேகத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகமானியின் முள் அசைவதில்லை. ஆயினும் திசை மாறுவதால் திசைவேகம் மாறுகிறது, ஆகவே முடுக்கமும் இருக்கிறது. மணிக்கு 18 கி.மீ. என்பது நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரத்தை 10 மீட்டர் என்று கொண்டால், வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுக்க முடுக்கம் 2.5 மீ/வி² என வரும். 40 கி.கி. நிறையுள்ள ஒரு மாணவருக்கு இதற்குத் தேவையான மையநோக்கு விசை 100 நியூட்டன். சன்னலோர இருக்கையில் உள்ளவருக்குத் தம்மை யாரோ வெளியே தள்ளுவதுபோல் தோன்றும். தரையில் நின்று பார்ப்பவருக்கோ அப்படித் தள்ளும் விசை எதுவும் தெரியாது. நிலைமத்தால் நேரே போக முற்படும் உடலைப் பேருந்தின் பக்கச்சுவர் உள்நோக்கி அழுத்தித் திருப்புவதுதான் தெரியும். தோள் அந்தச் சுவரை அதே அளவு விசையோடு வெளிநோக்கி அழுத்துவது மூன்றாம் விதி. இந்த ஒரு வளைவைப் படமாக வரைந்து விசைகளுக்கு அம்புக்குறி இடத் தெரிந்தவருக்கு, இயக்க விதிகள் பாடத்தில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

அடுத்து ஆற்றல். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அதே மாணவரின் எடை 40 × 9.8 = 392 நியூட்டன்; உயர வேறுபாடான 1,220 மீட்டரால் பெருக்கினால் அவர் பெறும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 4.78 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல் என்பதை இதனருகில் எழுதுங்கள். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரம், வீணாகாமல் பயன்பட்டால், ஏழு மாணவர்களை ஏற்காடு உயரத்துக்குத் தூக்கப் போதும். அந்தப் பெட்டியை வைத்தே மின்னோட்டவியலையும் பார்த்துவிடலாம்: 230 வோல்ட்டில் மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர், மின்தடை சுமார் 53 ஓம்.

அழுத்தம் சற்று நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் சுமார் 1,01,300 பாஸ்கல், சேலத்தில் சுமார் 98,000, ஏற்காட்டில் சுமார் 85,000. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, வீட்டிலிருந்து கொண்டுபோன மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலைக் காலி செய்து, ஏரிக்கரையில் மூடியை இறுக மூடிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். (மலையில் வீசியெறியாமல் இருக்கவும் இது ஒரு காரணமாகும்.) அடிவாரம் வந்ததும் எடுத்துப் பார்த்தால் பாட்டிலின் பக்கங்கள் உள்வாங்கியிருக்கும். அதே இடத்தில் மூடிய கண்ணாடிப் பாட்டில் சுருங்காது. அதன் சுவரில் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பையும் உள்ளும் வெளியுமான அழுத்த வேறுபாட்டால் ஏறத்தாழ 1.3 நியூட்டன் நிகர விசை உள்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். கீழே வெப்பம் கூடுதல் என்பதால் உள்ளிருக்கும் காற்று சிறிது விரிய முயலும். ஆகவே பாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கிட வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். இதைத் தாமாகவே கேட்கும் மாணவருக்கு வாயு விதிகளைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதே பக்கத்தில் சேரும். திரவ அழுத்தத்துக்கு மேட்டூர் அணை இருக்கிறது: 120 அடி ஆழத்தில் நீரினால் மட்டும் ஏற்படும் அழுத்தம் சுமார் 3.6 லட்சம் பாஸ்கல். நீர்த்தேக்கம் எத்தனை மைல் பரந்திருந்தாலும் இந்த எண் மாறாது.

வேதியியலுக்குச் சேலத்தின் மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்னசைட் எனப்படும் அது பெரும்பாலும் மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுடும்போது மெக்னீசியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதைகிறது. அணு நிறைகளை மெக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று கொண்டால், 84 பங்கு கல் 40 பங்கு ஆக்சைடும் 44 பங்கு வாயுவும் தரும். தூய கல் 100 கிலோவுக்குக் கிடைக்கும் ஆக்சைடு சுமார் 47.6 கிலோ. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டவருக்கு 210 கிலோ என்று விடை வரும். வாயுவை வெளியேற்றும் கல் எப்படிக் கனம் கூடும் என்று அந்த இடத்திலேயே நின்று கேட்க வேண்டும். இதற்கு நேர் எதிரே, பள்ளி ஆய்வகத்தில் எரிக்கும் மெக்னீசியம் நாடாவை எழுதுங்கள்: அங்கே 24 கிராம் உலோகம் காற்றிலிருந்து 16 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 40 கிராம் ஆகிறது. இரண்டிலும் எஞ்சுவது ஒரே வெண்ணிற ஆக்சைடுதான். ஒன்றில் நிறை ஏன் குறைந்தது, மற்றதில் ஏன் கூடியது என்று பொருண்மை அழியா விதியைக் கொண்டு இரண்டு வரியில் விடை எழுதிப் பாருங்கள்.