கார்பன் ஐசோடோப்பு விகிதம்: கோட்டின் பலத்தை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு விண்மீனிடை மேகத்தில் ஒவ்வொரு கார்பன்-13 அணுவுக்கும் எத்தனை கார்பன்-12 அணுக்கள் உள்ளன என்று தெரிந்தால், அந்த வாயு விண்மீன்களுக்குள் எவ்வளவு வெந்து வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சூரியக் குடும்பத்தில் இந்த எண் 89. நம் அக்கம்பக்கத்து மேகங்களில் இன்று 60 முதல் 70 வரை, பால்வீதியின் மையத்தில் 20 முதல் 25 வரை. எல்லா இடத்துக்கும் 89-ஐப் போடுவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, கார்பன் மோனாக்சைடு 115.27 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் தரும் நிறமாலைக் கோட்டின் பலத்தை, அதன் கார்பன்-13 வடிவம் தரும் 110.20 கிகாஹெர்ட்ஸ் கோட்டின் பலத்தால் நேராக வகுப்பது. அடர்ந்த மேகத்தில் விடை 5, 6 என்றுதான் வரும். காரணம், முதல் கோடு செறிவடைந்துவிட்டது: வாயு கூடினாலும் அதன் பலம் இனிக் கூடாது. மேகத்தின் முகப்பு மட்டுமே தெரிகிறது. உண்மை விகிதம் 60 என்றும், பலவீனமான கோட்டின் ஒளி ஆழம் (அந்த ஒளியை வாயு எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) வெறும் 0.2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதன் ஒளி ஆழம் 12. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே என்றால், பலங்களின் விகிதம் 5.5! ஆகவே ஆக்சிஜன்-18 சேர்ந்த கார்பன் மோனாக்சைடின் கார்பன்-12, கார்பன்-13 ஜோடியை அளப்பது நல்லது; அரிதானவை என்பதால் அவற்றின் கோடுகள் எளிதில் செறிவடையாது. நேரம் நிறையப் பிடிக்கும், ஆனால் அது வீண் போகாது. ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சி.என் மூலக்கூறும் உதவும்: அதன் கோடு பல நுண்கோடுகளாகப் பிரிவதால், அவற்றின் பலங்களை ஒப்பிட்டே ஒளி ஆழத்தைக் கணிக்கலாம்.

அப்புறம் வேதியியல். குளிர்ந்த வாயுவில் கார்பன்-13 அயனி, கார்பன் மோனாக்சைடில் உள்ள கார்பன்-12-ஐத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். இதில் 35 கெல்வின் வெப்பநிலைக்கு ஈடான ஆற்றல் மிச்சம், அதனால் குளிரில் இது எளிதில் திரும்பி நடக்காது. புற ஊதா ஒளி படும் ஓரத்தில் நிலைமை தலைகீழ்: ஏராளமாக உள்ள கார்பன்-12 வடிவம் தன்னைத்தானே மறைத்துத் தப்பும், அரிதானது உடையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ரிஷப மூலக்கூறு மேகத்தின் டி.எம்.சி-1 பகுதியில், மூன்று கார்பன்கள் கொண்ட சயனோஅசிட்டிலீன் மூலக்கூறில் நைட்ரஜனை ஒட்டிய இடத்தில் மட்டும் கார்பன்-13 மற்ற இரு இடங்களைப் போல் சுமார் 1.4 மடங்கு. ஒரே மூலக்கூறுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு!

முதிர்ந்த விண்மீன்களில் இன்னொரு பொறி. உள்ளே வெந்த வாயு மேற்பரப்புக்கு வரும் முதல் கலக்கலுக்குப் பின் இந்த விகிதம் 20 முதல் 30 வரை இருக்க வேண்டும் என்கிறது வழக்கமான கோட்பாடு. சுவாதி விண்மீனில் சுமார் 7 தான். அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கக் கூடாது. உள்ளே கூடுதல் கலக்கல் நடந்திருக்கிறது. செம்பெரு விண்மீன்களில் கார்பன்-13 கோடுகள் மிக மெலிந்தவை என்பதால், பின்னணி ஒளியின் மட்டத்தைச் சற்றுத் தவறாக வரைந்தாலும் விடை மாறிவிடும். கார்பன்-13 கோடு தெரியவே இல்லையா? சரி, விகிதம் குறைந்தது இவ்வளவு என்ற கீழ்வரம்பை மட்டும் எழுதுங்கள்.