ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கமும் தொல்குடிகளும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய நாடுகளைச் சேர்ப்பது பற்றிச் செய்தி வந்தால், கூடவே ஒரு சதவீதமும் வரும். இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு “மக்கள் சொல்லிவிட்டார்கள்” என்று எழுதிவிடுகிறோம். எந்த மக்கள் என்று கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

1972இல் டென்மார்க், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதா என்று வாக்கெடுப்பு நடத்தியது. மொத்தத்தில் 63 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். இனுயிட் என்ற தொல்குடி மக்கள் வாழும், டென்மார்க்கின் கீழிருந்த கிரீன்லாந்தில் சுமார் 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் கடலில் பிறர் வலைவீசுவார்களே என்பது அவர்கள் கவலை. ஆனால் எல்லா வாக்குகளும் ஒரே கணக்கில்தான் சேர்ந்தன. 1973இல் கிரீன்லாந்தும் உள்ளே போனது. அதே டென்மார்க்கின் கீழிருந்த பரோயே தீவுகளோ வெளியே நின்றுகொண்டன. காரணம், அவற்றுக்கு 1948 முதலே தன்னாட்சி இருந்தது. கிரீன்லாந்துக்கு அது 1979இல்தான் கிடைத்தது. கிடைத்த கையோடு 1982இல் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 53 சதவீதம் பேர் விலக வேண்டும் என்றார்கள். 1985 பிப்ரவரி 1 அன்று விலகினார்கள். இதை “டென்மார்க்கைவிட்டுப் பிரிந்தது” என்று எழுதாதீர்கள். விலகியது ஐரோப்பியச் சமூகத்திலிருந்து மட்டுமே.

கருத்துக்கணிப்பிலும் இதே சிக்கல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கருத்துக்கணிப்பான யூரோபாரோமீட்டர் ஒரு நாட்டில் ஏறக்குறைய 1,000 பேரைக் கேட்கிறது. பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அதில் சாமி (Sámi) என்ற வட ஐரோப்பியத் தொல்குடி இனத்தவர் சுமார் 10,000 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், கேட்கப்படும் ஆயிரம் பேரில் சாமி இனத்தவர் இரண்டு பேர் தேறுவதே கடினம். பின்லாந்தின் ஆதரவு விகிதத்தைச் சாமி மக்களின் ஆதரவாகப் படிக்க வழியே இல்லை.

அடுத்தது ‘நாடாளுமன்றம்’ என்ற சொல் தரும் மயக்கம். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றிலும் சாமி நாடாளுமன்றங்கள் உண்டு. உறுப்பினர்களைச் சாமி மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவை சட்டம் இயற்றுவதில்லை, சுரங்கத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரமும் இல்லை. சுவீடனில் அது தேர்ந்தெடுக்கப்பட்ட அவையாகவும் அரசுத் துறையாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அரசை எதிர்க்க வேண்டிய இடத்திலேயே அரசின் உத்தரவையும் நிறைவேற்ற வேண்டிய நிலை. இதைத் தன்னாட்சி என்று ஒரே சொல்லில் முடிப்பது அந்த மக்களுக்கு அநீதி.

ஒன்றியத்தில் சேர்ந்தால் தொல்குடி உரிமை தானே வளரும் என்ற நம்பிக்கையும் பிழை. 1995இல் சுவீடனும் பின்லாந்தும் சேர்ந்தபோது, சேர்க்கை ஒப்பந்தத்தில் சாமி மக்களுக்கென்றே ஒரு நெறிமுறை (protocol) இணைக்கப்பட்டது. அவர்களது மரபு நிலங்களில் துருவ மான் வளர்க்கும் தனியுரிமையை அவர்களுக்கு ‘வழங்கலாம்’ என்றது அது. வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சுவீடனில் அந்த உரிமை சாமி மக்களுக்கே உரியது. பின்லாந்தில் மான் வளர்ப்புப் பகுதியில் நிலையாக வசிக்கும் எந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனும் மான் வைத்துக்கொள்ளலாம். தொல்குடி உரிமைகளுக்கான, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் எண் உடன்படிக்கையை முதலில் ஏற்றதோ ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் நார்வே, 1990இல். சுவீடனும் பின்லாந்தும் இன்னும் ஏற்கவில்லை.

சிறுபான்மையினரையும் தொல்குடியினரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். சேர விரும்பும் நாடுகளுக்கு 1993இல் கோபன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகள் சிறுபான்மையினரைத்தான் குறிப்பிடுகின்றன. உக்ரைனில் ஹங்கேரியர் சிறுபான்மையினர். அவர்களுக்கு எல்லைக்கு அப்பால் ஒரு நாடு இருக்கிறது. 2014இல் ரஷ்யா கைப்பற்றிய கிரிமியத் தீபகற்பத்தின் தாத்தார்களுக்கு அப்படி வேறொரு நாடு இல்லை, உக்ரைனின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொல்குடியாக ஏற்றது. அவர்களது பேரவையான மெஜ்லிஸை 2016இல் ரஷ்யா தடைசெய்தது. ஒன்றியத்தில் சேர உக்ரைனியர் தரும் ஆதரவை அளக்கும் கணிப்புகள் பெரும்பாலும் கிரிமியாவுக்குள் போவதே இல்லை.