பழைய கல்லோடு தொட்டிக்குள் வரும் ஐப்டேசியா

கடல் மீன் தொட்டிக்கான கல்லைச் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பேரம் பேசி வாங்கினாலும், தொட்டியைக் கலைப்பவரிடம் பழைய கல்லாக வாங்கினாலும், கல்லின் பொந்தில் முள்புழு, நண்டு, ஐப்டேசியா என்ற கடல் சாமந்தி என என்ன ஒளிந்திருக்கிறது என்று பகலில் தெரியாது. கடலில் உடைத்தெடுத்த பவளக்கல் என்று சொன்னால் வாங்கவே வேண்டாம். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் உள்ளே ஓடிவிடும். கம்பளிப்பூச்சி மாதிரி முடியோடு ஊர்வது முள்புழு. பெரும்பாலும் மிச்சத் தீனியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிற ஜீவன் அது, கொல்லாதீர்கள். எண்ணிக்கை பெருகினால் தீனியைக் குறையுங்கள். முடி கையில் குத்தினால் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுக்கலாம். நண்டு இருந்தால், உள்ளே இறால் துண்டு போட்ட கண்ணாடி டம்ளரைக் கல்லின் மேல் சாய்த்து வையுங்கள். இறங்கின நண்டுக்கு வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாது.

உண்மையான தலைவலி ஐப்டேசியாதான். பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சின்னக் கடல் சாமந்தி, பூ மாதிரி விரியும் உயிரினம். கூரான நீள விரல்களை விரித்திருக்கும், நிழல் விழுந்தாலே சட்டென்று பொந்துக்குள் சுருங்கிவிடும். இதைச் சுரண்டி எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் துணுக்கு ஒவ்வொன்றும் புது ஐப்டேசியாவாக முளைக்கும். ஒன்று இருந்த இடத்தில் ஒரு மாதத்தில் ஐந்தாறு நிற்கும்.

சுண்ணாம்பு வைப்பதுதான் நம்பகமான வழி. வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு பொருள் கலந்திருக்கலாம், அதனால் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை வாங்குங்கள். கையுறை போட்டு, ஒரு தேக்கரண்டித் தூளில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தோசை மாவு பதத்துக்குக் குழையுங்கள். இன்சுலின் ஊசி மெல்லியது, அடைத்துக்கொள்ளும். தடித்த மொட்டை ஊசி போட்ட 3 மில்லி சிரிஞ்ச் சரியாக இருக்கும்.

மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடுகளவு இறாலை அதன் விரலில் படவிட்டால் வாயைத் திறந்து விழுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பக்கவாட்டிலிருந்து ஊசியை நகர்த்தி, வாயின் மேல் மெதுவாகக் குழைவை விடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் சுருங்கிக்கொள்ளும், சுண்ணாம்பு வெளியே பரவும். சுருங்கிய பிறகு பொந்தின் வாயையும் மூடிவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மேலே நிற்கும் வெள்ளைப் படிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு மோட்டாரைப் போடலாம்.

சுண்ணாம்பு பி.எச். அளவை ஏற்றும். 100 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று ஐப்டேசியாவுக்கு மேல் வேண்டாம், 8.5 தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடங்களைத் திரும்பப் பாருங்கள், குட்டிகள் கிளம்பியிருக்கும். குட்டிகளைத் தின்ன பெப்பர்மின்ட் இறால் விடலாம், பெரியவற்றை அது பெரும்பாலும் தொடாது. தாமிர மருந்து மட்டும் ஊற்றாதீர்கள். கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு கசியவிடும், பிறகு அந்தத் தொட்டியில் இறாலும் நத்தையும் நிற்காது.

தொட்டிக்காகக் காசிமேட்டுப் பக்கம் கேனில் கடல்நீர் பிடிப்பவர்கள், துறைமுகத்துக்குள் டீசல் மிதக்கும் தண்ணீரைத் தொடக்கூடாது. நுண்வலையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்தபின் ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஆற்றுநீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா என்று பிடிக்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள்.