உலக முடிவுக்கு ஒருநாள் நடை: ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையைத் திட்டமிடுவது எப்படி?

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவிலிருந்து வீதி வழியே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுமார் 9 கிலோமீற்றர் நடைபாதை ஒன்று இருக்கிறது. பெரிய ஏற்றங்கள் இல்லை. ஆனாலும் 2,100 மீற்றரைத் தாண்டிய உயரமும், கல்லும் சேறும் கலந்த தடமும், நினைத்த நேரத்தில் மாறும் வானிலையும் சேர்ந்து இதை நடுத்தரமான நடையாக்கிவிடுகின்றன. நாள்தோறும் சில கிலோமீற்றர் நடந்து பழகிய எவரும், ஒழுங்காகத் திட்டமிட்டால், இதை முதல் மலைநடையாகத் தேர்ந்தெடுக்கலாம்.

1. மூடுபனியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்த நடையின் நேர அட்டவணையைத் தீர்மானிப்பது உங்கள் விருப்பமன்று, மூடுபனிதான். உலக முடிவு என்பது சமவெளியின் தென் விளிம்பில் 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பாறைச் சரிவாகும். காலை வெயிலில் கீழேயுள்ள தாழ்நிலம் சூடேறியதும் ஈரக்காற்று அச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து, விளிம்பிலேயே முகிலாகத் திரள்கிறது. பெரும்பாலான நாட்களில் 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் இது நடந்துவிடும். அதன் பிறகு வருபவர்கள் காண்பது வெள்ளைச் சுவர் மட்டுமே.

ஆகவே 8.30 மணிக்கு முன் விளிம்பில் நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னால் வாருங்கள். தொடக்கப் புள்ளியான ஃபார் இன்னிலிருந்து அங்கு செல்லப் புதியவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால், 6.30 மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். வாயில் 6 மணிக்குத் திறக்கும். அனுமதிச்சீட்டு வரிசையையும் கணக்கில் சேர்த்தால், நுவரெலியாவிலிருந்து 4.30 மணியளவில் வாகனம் கிளம்பியாக வேண்டும். முதல்நாள் இரவே நுவரெலியா, பட்டிப்பொல, ஒஹிய, ஹப்புத்தளை ஆகிய இடங்களில் ஒன்றில் தங்கி, வாகனத்தையும் பேசி வைத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து அன்றே வந்து அன்றே நடப்பது வீண் அலைச்சல்.

முழு நடைக்கான நேரத்துக்கு, ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். ஆயினும் அது பழகிய கால்களுக்கான கணக்கு. நீங்கள் மணிக்கு 3 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு, நின்று பார்ப்பதற்கும் உண்பதற்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால், நான்கு மணி நேரம் வரும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றும் தூறலும் விடாமல் தொல்லை தரும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் முழுநிலா விடுமுறையான போயா நாட்களிலும் கூட்டம் அதிகம் என்பதால், வாரநாளே நல்லது.

3. பையை நிரப்புங்கள்

ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். விடியற்காலையில் அதைவிடவும் குளிரும். தடித்த ஒற்றை மேலங்கியை விட, கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய ஆடைகளே உதவும், ஏனெனில் 9 மணிக்குள் வெயில் சுட்டெரிக்கத் தொடங்கிவிடும். தொப்பியையும் மழை அங்கியையும் மறக்க வேண்டாம். குடை இந்தக் காற்றுக்குத் தாங்காது. அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய சப்பாத்து போதுமானது.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். பூங்காவில் பொலித்தீனுக்குத் தடை இருப்பதால், ஃபார் இன்னில் ஊழியர்கள் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறைகளையும் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியுள்ள பெயர்த்தாளையும்கூட அகற்றிவிடுவார்கள். சமவெளியில் மேயும் மரைகள் உணவு வாசனைக்காக அவற்றை விழுங்கிவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு முற்றிலும் நியாயமானதே. வாழையிலையில் கட்டிய ரொட்டியும் கட்டைச் சம்பலும், காகிதச் சுருளில் வறுத்த கடலையும் கொண்டுபோனால் சோதனையில் ஒரு நிமிடம்கூட வீணாகாது.

4. இடப்பக்கம் திரும்புங்கள்

ஃபார் இன்னிலிருந்து சிறிது தூரம் புல்வெளியில் நடந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும், இடப்பக்கம், உலக முடிவுக்கு முன்னால் வரும் சிறிய விளிம்பான சின்ன உலக முடிவுக்கும் போகும். இடப்பக்கமே செல்லுங்கள். நீர்வீழ்ச்சி மூடுபனியிலும் தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது. மேலும், இந்த வரிசையில் போனால் சின்ன உலக முடிவில் ஒரு முறையும், பெரிய விளிம்பில் மறுமுறையும், கீழேயுள்ள தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன.

விளிம்பை நெருங்கும்போது சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பனி ஈரம் படிந்த பாறை வழுக்கும். படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகர்வதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதைதான் இந்நடையின் செங்குத்தான பகுதி. களைத்த முழங்கால்களுடன் இறங்க வேண்டியிருப்பதால், அதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து மீதி உணவை முடித்துவிடுவது நல்லது.

5. பாதையை விட்டு விலகாதீர்கள்

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் நீர்ப்பிடிப்பு இந்தப் புல்வெளிகளிலும் முகில் காடுகளிலும்தான் தொடங்குகிறது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், 2010 முதல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இருக்கிறது. சேற்றைத் தவிர்க்கப் புல்லில் ஏறி நடப்பவர்களால் பாதை ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகிறது. சப்பாத்து நனைந்தாலும் தடத்திலேயே நடங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் இது உங்கள் பாதுகாப்புக்கும் உகந்தது, ஏனெனில் தொலைபேசி இணைப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. தங்குமிடத்தில் யாரிடமாவது திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

முற்பகல் 11 மணிக்குள் ஃபார் இன்னுக்குத் திரும்பிவிட்டால், ஒஹிய பக்கமாக இறங்கி, அங்கிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளைக்கு ரயில் பிடிக்கலாம். நாளொன்றுக்கு ஓடும் ரயில்கள் குறைவு என்பதால், நேரத்தை முதல்நாளே நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, வாகனக்காரரிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.