மூன்று இடத்தில் எழுதிய வேலை முடிவதில்லை

வீட்டு வேலைகளைக் காலண்டர் தாளிலும், அலுவலக வேலைகளை மின்னஞ்சலிலும், வழியில் நினைவுக்கு வருவதை வாட்ஸ்அப்பில் தமக்குத்தாமே அனுப்பும் செய்தியிலுமாகச் சிதறி எழுதுவதே பலரும் செய்யும் முதல் தவறு. எதை எங்கே எழுதினோம் என்று தேடுவது தனி வேலையாகிவிடும். வேலைகளைப் பட்டியலிடும் செயலி எதுவாயினும், பட்டியல் அதில் ஒரே கணக்கில் இருக்கட்டும். வீடு, அலுவலகம், கடைத்தெரு என்பவை அதற்குள் பிரிவுகளாக இருந்தால் போதும்.

அந்தக் கணக்கு அலுவலகம் கொடுத்ததாக இருப்பது அடுத்த தவறு. வேலையை விட்டதும் அக்கணக்கு மூடப்படும். குழந்தையின் தடுப்பூசித் தேதியும் காப்பீட்டுத் தவணையும் அதனுடனே போய்விடும். அதற்காக அலுவலக ரகசியங்களைச் சொந்தக் கணக்கில் எழுதுவதும் முறையன்று. ‘மாலைக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும்’ என்ற ஒரு வரி போதும்.

செயலியை நிரந்தரமென்று நம்புவதும் ஆபத்து. பலர் விரும்பிப் பயன்படுத்திய வண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை 2015இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2020 மே 6 அன்று அதை நிறுத்தியது. ஆகவே, பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்க வழியுள்ள செயலியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினியில் எழுதியது உடனே கைபேசிக்கு வந்துவிடும் என்பதும் எப்போதும் உண்மையன்று. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கைபேசி அசையாமல் திரை அணைந்து கிடக்கும்போது, பேட்டரியைச் சேமிக்கச் செயலிகளின் இணையத் தொடர்பும் ஒத்திசைவும் தள்ளிவைக்கப்படுகின்றன. நினைவூட்டல் தாமதமாக ஒலிப்பதற்குச் செயலியைக் குறைகூறும் முன், அமைப்புகளில் அதற்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் எழுதுவதும் தவறு. ‘அம்மா – கண்’ என்று எழுதினால் அந்த வரி மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘கண் மருத்துவரிடம் அம்மாவுக்கு நேரம் கேட்க வேண்டும்’ என்றால் கை தானாகத் தொலைபேசியை எடுக்கும்.

தேதியிடுவதில்தான் நுட்பமான தவறுகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் இன்றைய தேதியைப் போட்டால், கெடு கடந்த சிவப்பு வரிகள் பெருகி, உண்மையிலேயே அவசரமானதும் கண்ணில் படாது. மீண்டும் மீண்டும் வருபவற்றில் இரு வகை உண்டு: தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை எப்போது கட்டினாலும் அடுத்த கெடு மாறாது, குடிநீர் வடிகட்டியையோ மாற்றிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். முடித்த நாளிலிருந்து கணக்கிடும் வசதி எல்லாச் செயலியிலும் இல்லை. அது இல்லாவிட்டால், வடிகட்டியை மாற்றிய அன்றே அடுத்த தேதியைக் கையால் பதிந்துவிட வேண்டியதுதான்.