ஸ்டாஃபைலோகாக்கஸ் பேரினத்தைப் படிப்படியாக இனங்காண்பது எப்படி?

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஒரு பாக்டீரியாப் பேரினம்; ஆரியஸ் அதில் ஓர் இனம். வளர்ப்புத் தட்டில் காலனி பொன்மஞ்சளாகத் தெரிந்ததுமே ‘ஆரியஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். 1884இல் ஜெர்மன் மருத்துவர் ரோசன்பாக் நிறத்தை வைத்துத்தான் ஆரியஸ், ஆல்பஸ் என்று பிரித்தார். ஆனால் நிறமில்லாத ஆரியஸும் உண்டு. ஆகவே சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1: கிராம் சாயம். ஊதா நிறக் கோளங்கள் திராட்சைக் கொத்துப் போலத் தெரிய வேண்டும். சங்கிலியாகத் தெரிந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு பேரினம் என்று சந்தேகியுங்கள். பழைய வளர்ப்பு ஊதாவை இழந்து சிவக்கும் என்பதால் 18 முதல் 24 மணி நேர வளர்ப்பையே எடுங்கள்.

படி 2: கேட்டலேஸ், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதி. 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் உடனே நுரைத்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை. சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் இருப்பதால் இரத்த அகரிலிருந்து எடுப்பதைத் தவிருங்கள். கம்பி வளையத்தைவிட மரக்குச்சியே எனக்குப் பிடிக்கும்; இரும்பு கலந்த கம்பி தானே நுரையைக் கிளப்பிவிடும்.

மைக்ரோகாக்கஸ் என்ற இன்னொரு கோளப் பாக்டீரியாவும் இதில் நுரைக்கும். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வில் குவானின், சைட்டோசின் பங்கு ஸ்டாஃபைலோகாக்கஸில் 30 முதல் 40%தான், மைக்ரோகாக்கஸிலோ 65%க்கும் மேல் என்று தெரிந்த பின் அந்த உறவு முறிந்தது. மேசையில் இவற்றைப் பிரிக்க ஆக்சிடேஸ் நொதிச் சோதனை போதும்: மைக்ரோகாக்கஸ் சோதனைப் பொருளின் நிறத்தை மாற்றும், ஸ்டாஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் மாற்றாது. நிறம் மாற்றித் தொல்லை கொடுத்த விதிவிலக்கான சியூரி இனக்குழு 2020இல் மம்மாலிகாக்கஸ் என்று தனிப் பேரினமாகிவிட்டது.

படி 3: கோயகுலேஸ், அதாவது பிளாஸ்மாவை உறையவைக்கும் நொதி. உறைந்தால் ஆரியஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பலரும் தடுமாறும் இடம் இது. குழாயில் 0.5 மில்லிலிட்டர் முயல் பிளாஸ்மாவில் காலனியைக் கலந்து 37 டிகிரியில் வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். மாலையில் வைத்துவிட்டுக் காலையில் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஆரியஸ் தவறிப்போகும்: சில வகைகள் ஸ்டாஃபைலோகைனேஸ் சுரந்து, தாம் உறையவைத்ததைத் தாமே கரைத்துவிடும். நான்கு மணியில் உறையாவிட்டால் அறை வெப்பநிலையில் வைத்து, 24 மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள். குழாயைக் குலுக்காமல் மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பதே முறை. இளம் உறைவு ஆட்டினால் சிதையும். தானே உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த பிளாஸ்மாவை நான் வாங்குவதில்லை. சிட்ரேட்டை உண்ணும் என்டிரோகாக்கஸ் என்ற பாக்டீரியா கலந்திருந்தால் பொய்யாக உறைந்துவிடும், ஈ.டி.டி.ஏ. என்ற வேறு உறைவுத் தடுப்பான் கலந்ததே நம்பகமானது. தெரிந்த ஆரியஸ் ஒன்று, உறையவைக்காத எபிடெர்மிடிஸ் இனம் ஒன்று என இரண்டு ஒப்பீட்டுக் குழாய்கள் இல்லாமல் முடிவை எழுதவே கூடாது.

படி 4: உறையாதவற்றில், சிறுநீர் மாதிரியென்றால் 5 மைக்ரோகிராம் நோவோபயோசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி வட்டை வையுங்கள். வட்டைச் சுற்றி வளர்ச்சியில்லாத தடுப்பு மண்டலத்தின் விட்டம் 16 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சாப்ரோஃபிட்டிகஸ் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிற்சேர்க்கை: மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் உப்பும் கலந்த அகர் மஞ்சளானால், ஆரியஸ் என்று சொல்லப் போதாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போதாது. 7.5% உப்பில் வளர்வது இந்தப் பேரினத்தின் பொதுக் குணம். சாப்ரோஃபிட்டிகஸும் பல நேரம் மானிட்டாலை நொதிக்கும். இன்னொருவர் நாய்க்கடிக் காயத்திலிருந்து கோயகுலேஸ் நேர்மறை கிடைத்ததாக எழுதினார். அங்கே நாய்களிடம் காணப்படும் சூடிண்டர்மீடியஸ் இனத்தையும் மனத்தில் வையுங்கள். அதுவும் பிளாஸ்மாவை உறையவைக்கும்.