ஓடையில் கல்லைப் புரட்டாதீர்கள், அடியில் ஹெல்பெண்டர் இருக்கலாம்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை ஓடைகளுக்குப் போகிறவர்கள் அறியாமல் செய்யும் பெரிய தவறு, கல்லைத் தூக்குவதுதான். பிள்ளைகள் அணை கட்டுவார்கள், பெரியவர்கள் கல்லடுக்கிப் படம் எடுப்பார்கள். அந்த அகலமான தட்டைக் கல்லுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் பகலெல்லாம் பதுங்கிக் கிடக்கும். பல்லி உருவில் இருக்கும் சாலமாண்டர் என்ற நீர்நில உயிரி வகையில், வட அமெரிக்காவின் மிகப் பெரியவற்றில் ஒன்று இது. 74 சென்டிமீட்டர் வரை வளரும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இன்னும் கவனம் வேண்டும். ஆண் கல்லடியில் குழி பறித்து வைக்கும். பெண் வந்து மணி கோத்த மாதிரி முட்டைச் சரங்களை இட்டுவிட்டுப் போகும். அப்புறம் ஆண்தான் வாசலில் தலையை நீட்டிக் காவல் கிடக்கும். அந்த நேரத்தில் கல்லை அசைத்தால் நூற்றுக்கணக்கான முட்டைகள் ஓட்டத்தோடு போய்விடும். எடுத்த கல்லைப் பழையபடி வைத்துவிட்டால் சரி என்று நினைக்க வேண்டாம். வைக்கும்போதே உள்ளே இருப்பது நசுங்கலாம். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஓடைக் கற்களை நகர்த்தவே தடை.

தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு பழைய தவறு உண்டு. விஷப் பிராணி, ட்ரவுட் மீனையெல்லாம் தின்றுவிடும் என்று அடித்துக் கொல்வார்கள். அதற்கு விஷமே கிடையாது. முக்கிய இரை, குட்டிச் சிங்கி இறால் போலிருக்கும் கிரேஃபிஷ்தான். தூண்டிலில் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் தூண்டில் நூலை வெட்டி அங்கேயே விட்டுவிடுங்கள். ஈரக் கை முக்கியம். நுரையீரல் இருந்தாலும் அது மூச்சு விடுவது தோலால்தான். விலாவில் தொளதொளவென்று தொங்கும் மடிப்புகள் அதற்காகத்தான்.

அதனால்தான் கரை மரங்களை வெட்டுவதும் அதைக் கொல்கிறது. நிழல் போனால் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும். கரை அரித்து வரும் வண்டல், குஞ்சுகள் ஒளியும் கல்லிடுக்குகளை அடைத்துவிடும்.

பெரியவை கண்ணில் படுகின்றன, அப்படியானால் கவலையில்லை என்பதும் தவறான கணக்கு. 30 ஆண்டு வரை வாழும் பிராணி இது. குஞ்சே பிழைக்காத ஓடையிலும் கிழடுகள் தெரிந்துகொண்டிருக்கும். மிசௌரி, ஆர்கன்சாவில் வாழும் ஓசார்க் ஹெல்பெண்டரை 2011இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள்.

சரி, அதிர்ஷ்டவசமாக ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் படம் எடுங்கள். ஆனால் எந்த ஓடை, எந்த வளைவு என்று இணையத்தில் போடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதைப் படிப்பார்கள்.